பார்த்தெழுதியவர்

லோகேஸ்வரிக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, கை பேசும். அன்றைக்கு அவள் அந்தப் புத்தகத்தை மேசையில் போட்ட போட்டில், கீழே பூக்கடையில் மாலை கட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட ஒரு கணம் நிமிர்ந்து பார்த்திருப்பார்கள்.

பிரிக்பீல்ட்ஸில் அந்தப் பூக்கடைக்கு மேல்மாடியில்தான் சங்கத்து நூலகம் இருந்தது. பதினோராயிரம் புத்தகம், நான்கு மின்விசிறி, சம்பளத்துக்கு ஒரே ஆள். கிள்ளானிலிருந்து தினமும் காலை ரயிலேறி வந்து, சென்ட்ரலில் இறங்கி, தோசை மணத்தையும் ஊதுவத்திப் புகையையும் தாண்டி நடந்து வந்து கதவைத் திறக்கிற அந்த ஒரே ஆள் லோகேஸ்வரி. அந்த வாரம் ஊதுவத்திப் புகை போதாதென்று வானத்துப் புகையும் சேர்ந்துகொண்டது. எங்கோ காடு எரிய, கோலாலம்பூருக்கு மூச்சு முட்டியது. ஜன்னலைத் திறந்தால் தொண்டை எரியும், மூடினால் வேர்க்கும்.

புத்தகத்தின் பெயர் ‘பதினாறாம் கேட்’. எழுதியவர் கிள்ளான் சுகுமாறன். முதல் பக்கத்தில் நீல மையில் ‘நூலகத்துக்கு அன்புடன்’ என்று கையெழுத்து வேறு. இரண்டு பிரதி. திருடிய பொருளில் இரண்டைத் தானமாகக் கொடுக்கிற மனசு எத்தனை பேருக்கு வரும்!

திறந்ததும் முதல் வரியே அவளைப் பார்த்தது. ‘எட்டு மணி நேரம் லோரியில் காத்துக் கிடப்பவனுக்கு முதுகு என்பது தனி ஆள், அவன் சொல்வதை நாம் கேட்க வேண்டும், நாம் சொல்வதை அவன் கேட்க மாட்டான்.’ இந்த வரியை அவள் ஆறு வருஷத்துக்கு முன்னால் கெம்போங் மீனைப் பொரித்துக்கொண்டே கேட்டிருக்கிறாள். படித்துக் காட்டியவன் அவள் புருஷன் பரமேஸ்வரன். “முதுகு தனி ஆளுன்னா, அவனுக்கும் சேத்துச் சோறு போடணுமா?” என்று அவள் கேட்க, அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

பரமேஸ்வரன் இருபத்திரண்டு வருஷம் கிள்ளான் துறைமுகத்தில் கொண்டெய்னர் லோரி ஓட்டியவன். பதினாறாம் கேட்டில் லோரிகள் வரிசை பிடித்து நிற்கும். சில நாள் நாலு மணி நேரம், சில நாள் விடிய விடிய. மற்றவர்கள் தூங்குவார்கள், சீட்டாடுவார்கள். இவன் எழுதுவான். சரக்கு இறக்கியதற்குக் கொடுக்கிற டி.ஓ. தாள்களின் பின்பக்கம் வெறுமையாகத்தானே இருக்கிறது, அதில் எழுதுவான். கப்பலில் வந்த நாயைக் கொடுக்க மனசில்லாமல் ஒளித்து வைத்த சுங்கக்காரன், லோரிக்குள்ளேயே மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை எழுதிய கிழவன், கிரேன் அறுந்து செத்துப்போன பங்களாதேஷ் பையனின் செருப்பு. எழுதிய தாள்களெல்லாம் மூன்று பிஸ்கட் டின்னில் நிறைந்தன.

அந்த மூன்று டின்னையும் வந்து தூக்கிக்கொண்டு போனவர் சுகுமாறன். பரமேஸ்வரனோடு கிள்ளானில் ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்தவர். கல்யாண வாழ்த்து, கோயில் மலர், பிரமுகர் பாராட்டு என்று எட்டுப் புத்தகம் போட்டு, எழுத்தாளர் என்று பெயரெடுத்தவர். “பரமு, இதெல்லாம் தங்கம்டா. நானே புத்தகமா போட்டுத் தரேன்” என்றார். அடுத்த மாதமே பரமேஸ்வரனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது, பேச்சும் முக்கால்வாசி போனது. ஆறு மாதம் கழித்து லோகேஸ்வரி டின்களைக் கேட்டாள். “வெள்ளத்துல கீழ்வீடு மொத்தமும் முழுகிப் போச்சு தங்கச்சி. உன் முகத்துல எப்படி முழிப்பேன்னு தெரியல” என்று சுகுமாறன் கண்ணைத் துடைத்தார். பாவம் என்று அவள் அவருக்கே ஆறுதல் சொல்லி, ஆட்டிறைச்சிக் குழம்பு ஊற்றிச் சோறு போட்டு அனுப்பினாள். இப்போது நினைத்தால் அந்தக் குழம்புதான் அவளுக்கு அதிகமாக எரிந்தது.

பழி வாங்க வேண்டும். அவளுக்கு அதைத் தவிர வேறு நினைப்பு இல்லை. ஆனால் எப்படி? போலீஸுக்குப் போனால் தாள் எங்கே என்பார்கள். பேப்பரில் எழுதலாம் என்றால் பேப்பர்க்காரர்களே அந்தப் புத்தக வெளியீட்டில் மாலை போட்டுக்கொண்டு நின்றார்கள்.

அவள் வேலை இதுதான். ஒரு புத்தகம் வந்தால், அதை இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி எண் எண்ணாகப் பிரித்து எழுத வேண்டும். மார்க் என்று அந்த முறைக்குப் பெயர். உலகம் முழுக்க நூலகங்களுக்கு ஒரே எண்தான். நூறு என்றால் எழுதியவர். இருநூற்று நாற்பத்தைந்து என்றால் தலைப்பு. ஐந்நூறு என்றால் குறிப்பு. எழுநூறு என்றால் கூட இருந்து உதவியவர். அவள் எழுதி அனுப்புவது அன்றன்றைக்கே தேசியப் பட்டியலுக்குப் போய்ச் சேரும். அங்கிருந்து மற்ற நூலகங்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளும். ஒரு தடவை ஏறிவிட்டால், அவளே திருத்தினால்தான் உண்டு. இதில் முதல் விதி, புத்தகத்தில் இருப்பதை இருக்கிறபடி எழுது. அதன்படி நூறில் சுகுமாறன் பெயரைத் தட்ட வேண்டும். அவள் விரல் தட்ட மறுத்தது.

நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. நாலு கவிதை எழுதினால் ஐந்து புனைபெயர் வைத்துக்கொள்வார்கள். ரவாங் ராஜாளி, பூச்சோங் பூங்குயில் என்று ஒரே ஆள் ஏழு பெயரில் இருப்பார். இயந்திரத்துக்கு அது ஏழு ஆள். அதனால் ஒவ்வொரு எழுத்தாளருக்கும் தனியாக ஒரு பெயர்ப் பதிவு வைத்து, நூறில் இயற்பெயரும் நானூறில் புனைபெயர்களும் போட்டு ஒன்றாக முடிந்து வைப்பதும் லோகேஸ்வரியின் வேலை. அன்று மதியம்வரை அவள் பூங்குயிலைத்தான் பூச்சோங்கிலிருந்த ஓர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரோடு முடிந்துகொண்டிருந்தாள்.

சாப்பிடப் போய், வாழையிலையில் ரசம் ஓடாமல் சோற்றால் அணை கட்டிக்கொண்டிருந்தபோது அவளுக்கு அது தோன்றியது. பாதிச் சோற்றில் இலையை மடித்துவிட்டு எழுந்து வந்தாள்.

நூறு: பரமேஸ்வரன் த/பெ சபாபதி. நானூறு: கிள்ளான் சுகுமாறன்.

‘சிம்பான்’ என்ற சேமிப்புப் பொத்தானை அழுத்தினாள். இயந்திரம் ஏன் என்று கேட்கவில்லை. மறுபடி தேடிப் பார்த்தாள். கிள்ளான் சுகுமாறன் என்று தட்டினால், ‘பார்க்க: பரமேஸ்வரன் த/பெ சபாபதி’ என்று வந்தது. முப்பது வருஷம் மேடை மேடையாக ஏறிய மனிதர் அரை நிமிஷத்தில் அவள் புருஷனுக்குப் புனைபெயராகிப் போனார். லோகேஸ்வரி தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். அன்று சாயங்காலம் கிள்ளான் பாசாரில் இறங்கி, விலை கேட்காமல் ஊடான் இறால் வாங்கினாள்.

பகலில் பரமேஸ்வரனைப் பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டு இராஜம்மா, ஊடானைப் பார்த்ததும் கேட்டாள். “என்னா லோகா, சம்பளம் ஏறிடுச்சா?”

“இல்லக்கா. ஒரு பேரு ஏறிடுச்சு.”

“உனக்கும் பொக மண்டைக்கு ஏறிடுச்சு போலருக்கு. முதல்ல மூஞ்சக் கழுவு.”

மூன்று வாரம் போனது. ஒரு வெள்ளிக்கிழமை சங்கத்தின் செயலாளர் ராதாகிருஷ்ணன் போன் செய்தார். நல்ல மனிதர்தான். கம்ப்யூட்டரைக் கண்டால் மட்டும் நாயைக் கண்டதுபோல் ஒதுங்கி நடப்பார்.

“லோகேஸ்வரிம்மா, என்னாம்மா பண்ணி வெச்சிருக்க?”

“என்னா சார்?”

“சுகுமாறன் சார் காலையிலேர்ந்து நாலு தடவ கால் பண்ணிட்டாரு. அவரு பேரத் தட்டுனா வேற யாரோ பேரு வருதாம்.”

“வேற யாரோ இல்ல சார். பதிவுல அதான் இயற்பேரு.”

“அவரு பேரே சுகுமாறன்தானம்மா?”

“அப்படியா சார்? கிள்ளான்னு ஊரு பேரெல்லாம் முன்னாடி இருந்துச்சு. புனைபேரா இருக்கும்னு நெனச்சேன்.”

“வெளையாடாத லா. அவரு ஒரு பெரிய விருதுக்கு மனு போட்டிருக்காரு. அவங்க தேசியப் பட்டியலத் தேடிப் பாத்துட்டு, யாரு இந்த பரமேஸ்வரன், அவரோட அடையாளக் கார்டு ஐசி காப்பி அனுப்புங்கன்னு எழுதிட்டாங்களாம். திங்கக்கிழமை கடைசி நாளு.”

லோகேஸ்வரி உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பு மூக்கு வழியாக வரப் பார்த்தது.

“சார், அது பேர்ப் பதிவு. வாயால சொன்னா மாத்த முடியாது. எழுத்துல ஆதாரம் வேணும். எந்தப் புத்தகம் யாரு எழுதுனதுன்னு அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும். ஒடனே பிரிச்சுடறேன்.”

ராதாகிருஷ்ணன் குரலைத் தாழ்த்திச் சொன்னார். “பாரும்மா, டிசம்பர்ல உன் கான்ட்ராக்ட் முடியுது. தலைவருக்கு அவரு ரொம்ப வேண்டியவரு. பாத்து நடந்துக்க.”

“பாத்துத்தான் சார் நடக்கறேன்.”

வேலை போனால் போகட்டும் என்று அவளால் சொல்ல முடியாது. வீட்டில் அந்த ஒரு சம்பளம்தான். ஆனாலும் ரயிலில் வரும்போது பயத்தைவிடச் சந்தோஷமே கூடுதலாக இருந்தது. இன்றைக்கு அவனிடம் காட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள்.

பரமேஸ்வரன் ஹாலில் நாற்காலியில் சாய்ந்திருந்தான். அவள் அவன் மடியில் தலையணையை வைத்து, அதன்மேல் லெப்டொப்பை வைத்தாள்.

“என்னங்க, இங்க பாருங்க. யாரு பேரு?”

அவன் படித்தான். பதினாறாம் கேட். பரமேஸ்வரன் த/பெ சபாபதி. இடது கையை நீட்டித் திரையில் தன் பெயரைத் தடவினான். கண்ணில் தண்ணீர் நின்றது. ஊரில் அந்தப் புத்தகம் வந்த செய்தியை அவள் அவனிடமிருந்து மறைத்து வைத்திருந்தாள். யாரோ அவனுக்கு அதை முன்பே சொல்லிவிட்டார்கள் என்பது அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

அவன் இடது விரல் பட்டியலைக் கீழே தள்ளியது. அடுத்த புத்தகம் வந்தது. ‘பொன்விழா நாயகர்’. அதற்கும் கீழே ‘மணமக்கள் வாழ்த்து மணிகள்’. அப்புறம் ‘டத்தோ புகழ் நூறு’. வரிசையாக எட்டு. எல்லாவற்றுக்கும் எதிரே பரமேஸ்வரன் த/பெ சபாபதி.

“இ... இது?”

“அது அந்த ஆளு எழுதுனது. பேரு ஒண்ணா முடிஞ்சதுல எல்லாம் உங்க பக்கம் வந்துடுச்சு. நல்லா வேணும் அவனுக்கு! ஒரு புத்தகம் எடுத்தான், எட்டும் போச்சு.”

பரமேஸ்வரன் முகம் கோணிக்கொண்டது. இடது கையால் லெப்டொப்பைத் தள்ளினான். அவள் பிடிக்காவிட்டால் கீழே விழுந்திருக்கும்.

“கு... குப்ப.”

“குப்பதான். அவன் எழுதுனது பின்ன எப்படி இருக்கும்?”

“எ... என் பேர்ல... குப்ப.” அவன் நெஞ்சில் அடித்துக்கொண்டான். வார்த்தை வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. தண்ணீர் கொடுத்தாள், தட்டிவிட்டான். கடைசியில் ஒவ்வொரு எழுத்தாகப் பிடுங்கிப் போட்டான். “திரு... டன்... நா... னா?”

லோகேஸ்வரி லெப்டொப்பை மூடினாள். இருபத்தாறு வருஷத்தில் அவன் அவளிடம் கோபப்பட்டதே இல்லை. கோபப்படப் பேச்சே இல்லாத இப்போது கோபப்படுகிறான். அவன் எழுதாத ஒரு வரியையும் அவன் பெயரில் வைத்துக்கொள்ள அவனுக்கு மனசு வரவில்லை. எட்டுப் புத்தகத்தை அவன் தலையில் கட்டிவிட்டு, அவள் ஊடான் சமைத்துப் போட்டிருக்கிறாள்.

“பிரிச்சுடறேன்,” என்றாள். “உங்களது மட்டும் உங்களுக்கு. ஆனா அவன் வாயால வந்தாத்தான் அது நிக்கும். வருவான். திங்கக்கிழமைக்குள்ள வந்தே ஆவணும்.”

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கேட்டருகே கார் நின்றது. முகக்கவசமும் ஜிப்பாவுமாகச் சுகுமாறன் இறங்கினார். கையில் ஆப்பிள் பையும் ஒரு சத்துமாவு டின்னும்.

“தங்கச்சி, நல்லா இருக்கியாம்மா?”

“வாங்க சார்.”

பதினைந்து வருஷமாக அண்ணே என்று கூப்பிட்ட வாய். அந்த ‘சார்’ அவருக்கு உறைத்தது. செருப்பைக் கழற்றக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். உள்ளே வந்து, “பரமு, எப்படிடா இருக்க?” என்றார். பரமேஸ்வரன் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். டிவி ஓடவில்லை.

லோகேஸ்வரி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

“ஏதோ கம்ப்யூட்டர்ல தப்பு நடந்துருச்சு போல,” என்று சுகுமாறன் தொடங்கினார்.

“தப்புதான் சார். சரி பண்ணத்தான் ஒக்காந்திருக்கேன். உங்க எட்டுப் புத்தகம் உங்களுக்கு வேணுமில்ல?”

“வேணும்மா. முப்பது வருஷ உழைப்பு.”

“பதினாறாம் கேட்?”

சுகுமாறன் பரமேஸ்வரனைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார். “அதப் பத்தி நானே பேசணும்னு இருந்தேன். அடுத்த பதிப்புல பரமு பேரையும் போட்டுடலாம். நன்றின்னு ஒரு பக்கமே...”

“வெள்ளத்துல போன டின்னு எப்ப சார் கெடச்சுது?”

சுகுமாறன் தேத்தண்ணியை எடுத்து உறிஞ்சினார். அவள் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளினாள்.

“ரெண்டு பேரும் வேற வேற ஆளுன்னு எழுதுங்க. எது யாரு எழுதுனதுன்னு எழுதுங்க. கையெழுத்துப் போட்டதும் உங்க எட்டும் உங்ககிட்ட வந்துடும். இன்னிக்கே.”

“இந்த லெட்டர யாரு பாப்பாங்க?”

“ஃபைல்ல இருக்கும் சார்.”

அவர் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. நூலகத்து ஃபைலை எவன் திறந்து பார்க்கப் போகிறான். நாளைக்குக் கடைசி நாள். பேனாவை எடுத்தார். ‘பதினாறாம் கேட் என்னும் நூலின் மூலம் நண்பர் பரமேஸ்வரனுடையது. அதனை நான் திருத்தித் தொகுத்து...’

தொப்பென்று சத்தம் கேட்டது. பரமேஸ்வரன் இடது கையால் நாற்காலிப் பிடியை அடித்திருந்தான். “இ... இல்ல.”

“அவரு இல்லன்றாரு சார். என்னா திருத்துனீங்க?”

சுகுமாறனுக்கு ரோஷம் வந்துவிட்டது. “என்னா தங்கச்சி இப்படிக் கேக்கற? அந்தத் தாளெல்லாம் நீ பாத்திருக்கியா? எண்ணெய்க் கறை, தேத்தண்ணிக் கறை, பின்னாடி கம்பெனி சீல் வேற இந்தப் பக்கம் தெரியுது. பூதக்கண்ணாடி வெச்சுக்கிட்டு ஆறு மாசம் ஒக்காந்து ஒண்ணொண்ணா டைப் பண்ணேன். கண்ணு போச்சு. அவ்ளோ மரியாதையா பண்ணேன்மா. ஒரு வார்த்த மாத்தல! ஒரு கமா மாத்தல! சாமி மேல சத்தியம்!”

“ஒரு வார்த்தகூட மாத்தலையா?”

“மாத்தல!”

“அப்ப அதையே எழுதுங்க சார். மாத்தாம, பாத்து டைப் பண்ணேன்னு.”

சுகுமாறனுக்குச் சொன்னதைத் திரும்ப வாங்க வழியில்லை. சாமி மேல் சத்தியம் வேறு செய்தாகிவிட்டது. ‘திருத்தித் தொகுத்து’ என்பதை அடித்துவிட்டு, அவள் சொன்னபடி எழுதிக் கையெழுத்துப் போட்டார். தேதியும் போடச் சொன்னாள். போட்டார்.

லோகேஸ்வரி கடிதத்தைப் படம் பிடித்துக்கொண்டு லெப்டொப் முன்னால் உட்கார்ந்தாள். முதலில் அவருடைய எட்டுப் புத்தகத்தையும் அவருக்கே பிரித்துக் கொடுத்தாள். நானூறிலிருந்து அவர் பெயர் போனது. சொன்ன சொல் சொன்னதுதான். பிறகு பதினாறாம் கேட்டைத் திறந்தாள். நூறில் பரமேஸ்வரன். ஐந்நூறில் ஒரு குறிப்பு தட்டினாள். எழுநூறில் சுகுமாறன் பெயரைப் போட்டதும், இவர் இந்தப் புத்தகத்துக்கு என்ன செய்தார் என்று இயந்திரம் ஒரு பட்டியலை நீட்டியது. மொழிபெயர்த்தவர், பதிப்பித்தவர், தொகுத்தவர், படம் வரைந்தவர். அந்தப் பட்டியலை முன்பு யாரோ ஒரு வாத்தியார் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கியிருந்தார். இன்னொருவர் எழுதியதை அப்படியே எழுதிக் கொடுப்பவருக்கு அவர் வைத்த சொல்லை அவள் தேர்ந்தெடுத்து, திரையைத் திருப்பிக் காட்டினாள்.

சுகுமாறன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

“கிள்ளான் சுகுமாறன், பார்த்தெழுதியவர்,” என்று அவர் உதடு முணுமுணுத்தது. “இது என்னாம்மா வார்த்த? பரீட்சையில பக்கத்துப் பையனப் பாத்து எழுதுனவன் மாதிரி இருக்கு.”

“இங்கிலீஷ்ல மரியாதையாத்தான் இருக்கு சார். தமிழ்ல அப்படி வந்துடுச்சு.”

“மேல என்னா இது? ‘இந்நூலை எழுதியவர் பரமேஸ்வரன்; அட்டையில் பெயருள்ள சுகுமாறன் இதனைத் தம் கைப்படக் கடிதத்தில் உறுதிசெய்துள்ளார்...’ தங்கச்சி! ஃபைல்ல இருக்கும்னு சொன்ன?”

“இதான் சார் ஃபைலு.”

“யாரு வேணும்னாலும் பாக்கலாமா?”

“தேடறவங்க பாக்கலாம். புத்தகம் இருக்கற எடத்துல எல்லாம் இருக்கும்.”

சுகுமாறன் எழுந்து நின்றார். தலைவரிடம் பேசுவேன் என்றார். பேசுங்கள், கடிதத்தையும் காட்டுகிறேன் என்றாள் அவள். மறுபடி உட்கார்ந்தார். நெற்றியில் வேர்வை கோடு போட்டது. ஜிப்பா நுனியால் அதைத் துடைத்துக்கொண்டு, குரலே மாறிப்போய்ச் சொன்னார்.

“ஒண்ணு செய்யிம்மா. என் பேரயே எடுத்துடு. எனக்கு அந்தப் புத்தகமே வேணாம். பரமு பேரு மட்டும் இருக்கட்டும். எனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லன்னு வெச்சுடு. உன் காலுல விழறேன்.”

அவள் அவரையே பார்த்தாள். இதையே அவர் முன்பே சொல்லியிருந்தால் அவள் மகிழ்ந்து போயிருப்பாள்.

“முடியாது சார். அச்சடிச்ச புத்தகத்துல உங்க பேரு இருக்கு. இருக்கறத இல்லன்னு எழுதக் கூடாது. ஒரு தடவ தப்பா எழுதிட்டு வீட்டுல வாங்கிக் கட்டிக்கிட்டேன். இனிமே எழுத மாட்டேன்.”

“தங்கச்சி...”

“என்னங்க, அனுப்பிடவா?”

பரமேஸ்வரன் நாற்காலியிலிருந்து முன்னால் சரிந்து திரையில் இருந்ததை ஒரு வரி விடாமல் படித்தான். குறிப்பைப் படித்தான். அந்த ஒற்றைச் சொல்லை இரண்டு தடவை படித்தான். அவன் வாயின் இடது பாதி மட்டும் சிரித்தது. லோரிக்காரர்கள் நடுவில் சிரிக்கிற பழைய சிரிப்பு. இடது ஆள்காட்டி விரலை நீட்டி, கொஞ்சம் தடுமாறி, பொத்தானைத் தானே அழுத்தினான்.

சுகுமாறன் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடினார். வாசலில் ஒரு முறை திரும்பி நின்றார். கிளம்புகிறவரைப் போய்ட்டு வாங்க என்று சொல்லித்தான் அந்த வீட்டில் அனுப்புவார்கள். அதற்குத்தான் நின்றார்போல.

“போங்க சார்,” என்றாள் லோகேஸ்வரி.